ஜன்னலுக்குள் பார்க்காத தெரு

பதினாலாம் எண் வீட்டு ஜன்னலில் பெரில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு, அவள் ஜன்னல், உட்கார்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். பெரிலைத் தகனம் செய்து மாதம் ஒன்றாகிறது. மேக்சின் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அதற்குப் போய்விட்டு வந்தவள்.

நவம்பர் மாத ஷெஃபீல்ட். பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும். வேலை முடிந்து தெருவில் நடந்து வந்த மேக்சினின் கடைக்கண்ணில் முதலில் வெள்ளைத் தலைமுடி பட்டது, பிறகு பழுப்பு ஸ்வெட்டர், பிறகு பாதி உயர்ந்து நின்ற ஒரு கை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடை வேகமானது, கழுத்து மட்டும் நேராகவே இருந்தது. கார்டியூ தெருவில் யாரும் அடுத்தவர் ஜன்னலுக்குள் பார்ப்பதில்லை.

அதுதான் அந்தத் தெருவின் சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் சட்டம். மேல்தட்டுத் தெரு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் தெரியுமா? கதவுக்குக் குளத்துப் பாசி மாதிரி ஒரு மங்கல் நிறம் அடிக்க வேண்டும். நிறத்துக்கென்று தனிப் பெயர் வைத்த பெயிண்ட், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வாசலில் தொட்டியில் ஒரு குட்டி மரம். முனைக்கடையில் பல்லை உடைக்கிற, விலை கூடிய ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, தெருவைப் பார்த்த ஜன்னலில் திரை இருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற புத்தக அலமாரி, பியானோ, சாய்ந்து கிடக்கிற நாய் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். ஆனால் தெருவில் போகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது! என்ன கூத்து இது என்று நாம் கேட்கலாம். அவர்கள் கேட்க மாட்டார்கள்.

மேக்சின் பிறந்த தெருவில் எல்லாம் தலைகீழ். அங்கே எல்லா ஜன்னலிலும் வெள்ளை வலைத்திரை தொங்கும். எல்லாத் திரைக்குப் பின்னாலும் ஒரு ஜோடிக் கண் இருக்கும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பால் பாட்டில் இன்னும் வாசலிலேயே நிற்கிறது, எதுவும் தப்பாது. அவளுடைய அம்மா திரையை ப்ளீச்சில் ஊறவைத்துத் துவைக்கும்போது குடும்ப மானத்தையே துவைப்பது மாதிரித் துவைப்பாள். அந்தத் தெருவிலிருந்து தப்பி வந்தவள் மேக்சின். படித்து, நல்ல சம்பளத்தில் அமர்ந்து, பேச்சை மாற்றி, சாயங்காலச் சாப்பாட்டுக்கு அம்மா சொல்கிற பெயரை விட்டு இவர்கள் சொல்கிற பெயரைச் சொல்லப் பழகி, இங்கே வீடு வாங்கினாள். வந்த புதிதில் எதிர்வீட்டு ஹெரியட் வீட்டுக்குள் வந்து, "அடேயப்பா, எவ்வளவு பளபளன்னு வெச்சிருக்கீங்க!" என்றாள். ஹெரியட் வக்கீல், அப்பா வக்கீல், தாத்தா வக்கீல். அவள் வீட்டுக் கோப்பைகளில் பாதிக்கு விளிம்பு உடைந்திருக்கும், சோபா முழுக்க நாய் முடி. அவள் சொன்னது பாராட்டு இல்லை என்று மேக்சினுக்கு உறைக்க வெகுகாலம் ஆனது.

பெரில் மட்டும் அந்தத் தெருவில் பழைய ஆள். அது கரி படிந்த தொழிலாளர் தெருவாக இருந்தபோதே கல்யாணமாகி வந்தவள். சுற்றிலும் எல்லாரும் விற்றுவிட்டுப் போக, அவள் போகவில்லை. கதவு சிவப்பு, ஜன்னலில் பனி மாதிரி வலைத்திரை. திரைக்குப் பின்னால் நாற்காலி, நாற்காலியில் பெரில். வருகிற பார்சலை வாங்கி வைப்பாள், ஹெரியட்டின் நாய்க்கு பிஸ்கட் போடுவாள், மேக்சின் இருமினால் மறுநாள் மருந்தோடு வந்து நிற்பாள்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை, நகரத்தின் அழகான தெருக்களைப் படம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஹெரியட் மேக்சினைத் தேடி வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேக்சின். அந்தப் பதினாலாம் நம்பர் திரை... படத்துல அது மட்டும் தனியா தெரியும். நாங்க சொன்னா அவங்க மனசு சங்கடப்படும். நீங்க சொன்னா பக்குவமா இருக்கும். அவங்க பேச்சு உங்களுக்குப் பழக்கம்தானே."

மேக்சினுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் வாயைக் கட்டி, நாக்கைக் கட்டி, தான் வந்த தெரு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தை ஹெரியட் மேல் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நேரே பெரில் வீட்டுக்குப் போனாள்.

"ஏன்டி கண்ணு, என் திரை அழுக்கா இருக்கா?" என்றாள் பெரில்.

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. இப்பல்லாம் யாரும் போடறதில்ல, அதான்."

"திரை இல்லாம எப்படிடி உக்கார்றது? வெறும் பாவாடையோட பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி இருக்குமே!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. "திரை இருந்தா நான் பாட்டுக்கு உக்காந்து தெருவப் பாத்துப்பேன். அத எடுத்துட்டா? தெரு என்னப் பாத்துக்குமா?"

"பாத்துக்கும் ஆன்ட்டி. எல்லாரும் பார்ப்பாங்க. நான் பார்ப்பேன்."

"நீ சொன்னா சரி."

நாற்காலி மேல் ஏறிக் கழற்றியது மேக்சின்தான். பெரில் கீழே நின்று வாங்கி மடித்துக்கொண்டாள். தெருப் படம் பத்திரிகையில் வந்தது. தரகர்கள் வீட்டு விலையைக் கூட்டிச் சொன்னார்கள். பெரில் அதே நாற்காலியில், அதே இடத்தில், இப்போது கண்ணாடிக்குப் பின்னால் முழுசாகத் தெரிய உட்கார்ந்தாள். முதல் வாரம் போகிறவர்களுக்கெல்லாம் கையை ஆட்டினாள். யாரும் திரும்பவில்லை. பிறகு ஆட்டுவதை விட்டுவிட்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மேக்சினும் ஹெரியட்டும் பஸ்ஸிலிருந்து சேர்ந்து இறங்கி நடந்து வந்தார்கள். "சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்களேன். பெருசா ஒண்ணும் இல்ல, சமையலறையிலயே நாலு பேர் உக்காந்து சாப்பிடுவோம்," என்றாள் ஹெரியட். சமையலறையில்! விருந்தாளிகளை முன்னறையில் உட்காரவைப்பார்கள், சொந்தக்காரர்களைத்தான் சமையலறையில் உட்காரவைப்பார்கள். இந்த ஒரு வார்த்தைக்காக மேக்சின் எத்தனை வருஷம் காத்திருந்தாள்! பதினாலாம் எண்ணைத் தாண்டும்போது கடைக்கண்ணில் ஒரு கை உயர்ந்தது. பாதிதான் உயர்ந்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மேக்சினின் கழுத்து தன்னால் திரும்பப் பார்த்தது, அவள் அம்மா வளர்த்த கழுத்தல்லவா. பக்கத்தில் ஹெரியட் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். மேக்சின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். "கட்டாயம் வர்றேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை பெரிலின் தங்கை மகள் ஷெரில், போனை எடுக்கவில்லையே என்று பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். அவள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்காங்க! தெருவப் பாத்து உக்காந்திருக்காங்க! நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

போலீஸ்காரர் வீடு வீடாக வந்து கேட்டார். எதுவும் கவனிக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மேக்சினும் அதையே சொன்னாள். தகனத்தன்று ஷெரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மூளையில ரத்தக்கட்டுன்னு சொன்னாரு டாக்டர். வாய் கோணிப்போச்சாம், எழுந்திருக்க முடியல. உசிரு உடனே போயிருந்தாக்கூட மனசு ஆறும். ஒரு நாளாவது உசிரோட இருந்திருப்பாங்களாம். யாராவது பாத்திருந்தா பொழைச்சிருப்பாங்களாம்."

அன்றிலிருந்து மேக்சினுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை பெரில் தன்னைக் கூப்பிட்டாளா? கூப்பிட்டது தெரிந்தே தான் போனதை அவள் பார்த்தாளா? செத்தவளிடம் போய் எதைக் கேட்பது! கேட்க முடியாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலில் பெரில் வந்து உட்கார்ந்தாள்.

குளிர்காலம் முழுக்கத் தினமும் சாயங்காலம் வந்தாள். வீட்டை ஓர் இளம் ஜோடி வாங்கிக் குடிவந்தது. சிவப்புக் கதவு பாசி நிறமானது, வாசலில் தொட்டி மரம் வந்தது. ஜன்னலோரம் நாற்காலிகூடக் கிடையாது. பெரில் அதே உயரத்தில் உட்கார்ந்திருந்தாள். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மேக்சின் முடிவே செய்துவிட்டாள். யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள், அதுவும் மரியாதையாக, முதுகுக்குப் பின்னால்.

அப்படி ஒரு சாயங்காலம், எதிரே ஹெரியட் நாயோடு வந்தாள். பதினாலாம் எண் வாசலில் நாய் நின்றது. ஜன்னலைப் பார்த்து வாலை ஆட்டியது. முனகிக்கொண்டே பிஸ்கட்டுக்கு முன்னங்காலைத் தூக்கியது. ஹெரியட் வாரை இழுத்தாள். அவள் பார்வை நடைபாதைக் கல்லை விட்டு நகரவே இல்லை. முகம் வெளுத்திருந்தது.

மேக்சின் வழியை மறித்து நின்றாள். "ஹெரியட், உங்களுக்கும் தெரியுதா?"

"எது?"

"ஜன்னல்ல."

ஹெரியட் வாரைக் கையில் சுற்றி இறுக்கினாள். குரல் எப்போதும்போல நயமாகவே இருந்தது. "மேக்சின், நம்ம தெருவுல யாரும் அடுத்தவங்க ஜன்னலுக்குள்ள பாக்கறதில்ல."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்! எல்லாரும் பாத்துட்டு..."

"அந்தப் புது ஜோடிகூட எவ்வளவு நாகரிகமா நடந்துக்கறாங்க பாருங்க. பின்கட்டுலயே இருந்துக்கறாங்க. ஒரு வார்த்தை வெளிய விடல. கொஞ்ச நாள் போனா பழகிடும்." நாயைக் கையில் தூக்கிக்கொண்டாள். "சனிக்கிழமை வர்றீங்கல்ல? சமையலறையிலதான்."

அந்த நயமான குரல் மேக்சினுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கும் இதே குரல், இதே சமையலறை. "அன்னிக்கும் நீங்க பாத்தீங்க," என்றாள். "நானும் பாத்தேன். ரெண்டு பேரும் பாத்தோம்டி!"

'டி' போட்டு ஹெரியட்டிடம் அந்தத் தெருவில் யாரும் பேசியதில்லை. அவள் கடந்து போனாள். பூட்ஸ் சத்தம் அவசரப்படாமல் தெருவோடு போய் ஓய்ந்தது.

மேக்சின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தொட்டி மரத்தை ஒதுக்கிவிட்டு ஜன்னலுக்கு நேரே நின்றாள். இத்தனை மாதமாகக் கடைக்கண்ணில் மட்டும் பட்டதை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். பழுப்பு ஸ்வெட்டர். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாய். பாதி உயர்ந்து நின்ற கை. கண்கள் தெருவைத் துழாவிக்கொண்டிருந்தன, வருகிறவர் போகிறவர் யாராவது பார்க்க மாட்டார்களா என்று.

"ஆன்ட்டி," என்றாள் மேக்சின். பல வருஷமாக ஒளித்து வைத்திருந்த அம்மா தெருப் பேச்சு தானாக வாயில் வந்தது. "ஆன்ட்டி, நான்தான். பாக்கறேன் பாருங்க. உங்களத்தான் பாக்கறேன்." கண்ணாடியில் தட்டினாள். "அன்னிக்கும் பாத்தேன் ஆன்ட்டி. நீங்க கூப்பிட்டது தெரிஞ்சுதான் போனேன். திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க!"

பெரிலின் கண்கள் தெருவை விட்டு மெதுவாக வந்து மேக்சின் மேல் நின்றன. அடையாளம் கண்டுகொண்டன, அதில் சந்தேகமே இல்லை. உயர்ந்து நின்ற கை மடிக்கு இறங்கியது. பிறகு பெரில், கோபம் எதுவும் காட்டாமல், கார்டியூ தெருக்காரி எவளும் குறை சொல்ல முடியாத நாகரிகத்தோடு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேக்சின் கையை உயர்த்தி ஆட்டப் பார்த்தாள். கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. அவளுக்குப் பின்னால் தெருவில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். வாசலருகே வந்ததும் பேச்சு நின்றது, தாண்டிப் போனதும் தொடர்ந்தது.