ஹாஜிராவுக்குச் சொல்ல வேண்டிய பதில்

முகம்மது தகி சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆண்டுகளில் அவருடைய இருக்கைக்கு அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சாதாரண நாட்களில் இரண்டு வாளி, வெள்ளிக்கிழமைகளில் மூன்று. கில்கித் சட்டமன்றத்தில் அதைத் துடைப்பதற்கென்றே ஷகூர் என்ற ஊழியரை நியமித்தார்கள். முதல் ஆண்டு முழுக்க ஷகூர் துடைத்தார். இரண்டாம் ஆண்டு, தண்ணீர் நல்ல குளிர்ச்சியாகவும் தித்திப்பாகவும் இருப்பதைக் கண்டுபிடித்துத் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, வரிசை ஓரமாக நாலு தகரத் தட்டுகளில் கொத்தமல்லி விதைத்தார். அது அமோகமாக வந்தது. எதிர்க்கட்சிக்காரர்களும் சபை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போனார்கள். சபைக் குறிப்பேட்டில் இதுபற்றி ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை.

அந்தத் தண்ணீர் எங்கள் தோங்மல் கிராமத்துத் தண்ணீர். ஸ்கர்டு நகரத்திலிருந்து ஜீப்பில் ஆறு மணி நேரம் குலுங்கினால் எங்கள் ஊர். மூன்று கோடைகள் தொடர்ந்து ஓடை வற்றி, ஆப்ரிகாட் மரங்கள் பிஞ்சிலேயே உதிர்த்த பிறகு, பனிக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்று ஊர் முடிவு செய்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பால்திஸ்தானில் தண்ணீர் போன ஊர்கள் செய்வதுதான். ஒரு மலையிலிருந்து ஆண் பனி, கறுத்தும் கல்லும் மண்ணும் ஒட்டியும் இருக்கும். இன்னொரு மலையிலிருந்து பெண் பனி, வெளிர் நீலம். பன்னிரண்டு பேர் கூடையில் வைத்து, மாற்றி மாற்றி முதுகில் சுமந்து வர வேண்டும். கூடை தரையில் படக் கூடாது. சுமப்பவர்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வெயில் படாத சரிவில் குழி வெட்டி, இரண்டையும் சேர்த்துப் படுக்க வைத்து, கரியும் உமியும் மரத்தூளும் போட்டு மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஊரில் ஓதி வைக்கும் ஆகோன் ஒவ்வொருவர் நெற்றியையும் தொட்டு "இனிப் பேசு" என்று விடுவிப்பார். அதன் பிறகு பன்னிரண்டு குளிர்காலம் போனால் தம்பதி கால் ஊன்றிப் பனியாறாகிவிடும். அதுவரை மணப்பெண் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடக்கூடும் என்பதால் எல்லோரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்போம்.

தகி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, ஸ்கர்டு பேருந்து நிலையத்தில் நடத்துநர். அவர் "கில்கித், கில்கித்" என்று கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும். அந்தக் குரலை நம்பித்தான் சுயேச்சையாகத் தேர்தலில் நின்றிருந்தார். வாக்குப்பதிவுக்குப் பதினாறு நாள் இருந்தது. கூடையோடு கடைசி வளைவில் ஏறும்போது, கீழ்த்தெரு ஹாஜிரா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். முப்பது ஆப்ரிகாட் மரங்களையும் ஒரு கழுதையையும் தனியாளாகக் காப்பாற்றி வந்தவள். சுமப்பவர்கள் பேசக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வேட்பாளர் என்று ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் விட்டுவிட முடியுமா?

"தம்பி, ஓட்டுக் கேட்டு வந்தியோ, பனி தூக்கிட்டு வந்தியோ, எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போ. என் மரத்துக்குத் தண்ணி வருமா, வராதா?"

தகி தலையை ஆட்டினார்.

"தலையாட்டுறதுக்கு எங்கிட்ட கழுதை இருக்கு. வாயால சொல்லு."

வேறு யாராக இருந்தாலும் விலகிப் போயிருப்பார்கள். வேட்பாளர் ஒரு வாக்காளரை விட்டுவிட்டு எப்படிப் போவார்? பின்னால் வந்தவர் முதுகுக்குத் தன் கூடையை மாற்றிவிட்டு, அங்கேயே நின்று, நெஞ்சில் கை வைத்தார், வானத்தைக் காட்டினார், மலையைக் காட்டினார், கும்பிடாத குறை. ஹாஜிரா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒருவழியாக மேலே ஓடிச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. கண் மங்கிய ஆகோன் பதினோரு நெற்றிகளைத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டு என்று எண்ணியிருந்தார். குழி மூடிய பிறகு விடுவிக்க வழியில்லை என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் காலமாகிவிட்டார்.

பேசினால் என்ன ஆகிவிடும் என்று எங்களில் சிலர் கேட்டோம். ஒரு வாரத்தில் பதில் கிடைத்தது. ஜீப் கதவில் விரல் நசுங்கி தகி "ஆ" என்றார். குழிக்குக் கீழே அப்போதுதான் கசியத் தொடங்கியிருந்த நூல் தண்ணீர் ஒன்பது நாள் நின்றுபோனது. ஒரு எழுத்துக்கு ஒன்பது நாள் என்று ஊர் தெரிந்துகொண்டது. அன்றிலிருந்து தகி தூக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று தலைப்பாகைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு படுத்தார். அவர் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் ஈரமாக ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான்.

எதிர்த்து நின்றவர் கச்சோ அம்ஜத், பழைய ராஜா குடும்பம். நல்ல மனிதர், ஆனால் மைக் கையில் வந்தால் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. "வாயைத் திறக்காதவனுக்கு ஓட்டுப் போட்டா சபையில யாருப்பா பேசுவா?" என்று அவர் போலோ மைதானத்தில் கேட்டபோது, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பள்ளிக்கூட ஆசிரியை பதூல் குரல் கொடுத்தாள்: "நீங்க காலையில இருந்து பேசுறீங்க கச்சோ சாஹிப், எங்க வாய்க்கால்ல ஒரு சொட்டு வந்துச்சா?" தகியோ வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார். வெண்ணெய் போட்ட உப்புத் தேநீர் குடித்தார். பேச முடியாததால் கேட்டார். ஐம்பது வருடமாக யாரும் முடிக்க விடாத வாக்கியங்களைக் கிழவர்கள் அவரிடம் முடித்தார்கள். மருமகள்கள் மாமியார் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுந்து போன பாயின் ஈரத்தில் மறுநாள் புல் முளைத்திருந்தது. எங்கள் ஊரில் அவருக்கு எதிராக விழுந்தது கச்சோவின் உறவினர் ஓட்டுகளும் ஹாஜிராவின் ஓட்டும் மட்டுமே. அடுத்த தேர்தலில் உறவினர்களும் மாறிவிட்டார்கள். "கேட்டதுக்குப் பதில் வரல" என்று ஹாஜிரா வாக்குச்சாவடி வாசலிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உறுப்பினர் பிரமாணத்தில் சிக்கல் வரவில்லை. முப்பது பேர் ஒரே குரலில் சொல்லும்போது ஒருவர் உதட்டை மட்டும் அசைத்தால் யாருக்குத் தெரியும்? நிக்காஹ்விலும் சிக்கல் இல்லை. தகி பதூலைக் கட்டிக்கொண்டபோது தலையசைப்பே செல்லும் என்று ஓதி வைத்தவர் சொல்லிவிட்டார். "பேசாத மாப்பிள்ளை கிடைக்குறது லேசில்ல, அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிக்குவேன்" என்று பதூல் தோழிகளிடம் பெருமை அடித்தாள். ஆனாலும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் அவருடைய பேருந்துக்கு ஓடி வந்தபோது "டீச்சரம்மா, ஏறுங்க, வண்டி கிளம்புது" என்று அவர் கூவியதை அவள் மறக்கவில்லை. அந்தக் குரலுக்காகவே அவள் ஏங்கினாள், அதை அவரிடம் சொன்னதில்லை. இதற்கிடையே தம்பதிப் பனி தடித்தது, சரிவில் இறங்கியது, நீல நிறம் காட்டியது. ஆறாம் ஆண்டில் வாய்க்கால் கீழ்த்தெருவரை வந்தது. ஹாஜிராவின் மரங்களில் கொம்பு முறியக் காய்த்தது. அந்தப் பழத்தை ஒரு கூடை தகி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதில் இன்னும் பாக்கி இருப்பதாகவும் சொல்லி அனுப்பினாள்.

தகி மூன்றாம் முறை ஜெயித்த ஆண்டில் சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. முதலமைச்சராக ஒருவரை இந்தப் பக்கம் சொன்னால் அந்தப் பக்கம் அவர் எந்த நாளில் என்ன திட்டினார் என்று எடுத்துக் காட்டியது. நாற்பது நாள் இழுபறி. கடைசியில் ஒருவர் எழுந்து, பத்து ஆண்டில் இந்தச் சபையில் யாரையும் ஒரு சொல் சொல்லாதவர் ஒருவர்தானே இருக்கிறார் என்றார். எல்லோரும் கொத்தமல்லித் தட்டுகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்தது விஷயம்.

ஆனால் முதலமைச்சர் தனியாக நின்று, ஆளுநர் சொல்லச் சொல்ல, வாய்விட்டுப் பிரமாணம் எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் குளிர்காலம் கழிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. பதூல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரமாணத்தை எண்ணச் சொன்னாள். நானூற்றுப் பத்து எழுத்து. எழுத்துக்கு ஒன்பது நாள் என்றால் பத்து ஆண்டு வறட்சி. போலோ மைதானத்தில் ஊர் கூடியது. "பேசுப்பா, நம்ம ஊரு ஆளு முதலமைச்சர் ஆகுறது லேசுப்பட்ட காரியமா? போனாப் போகுது, இன்னொரு தடவை பனி சுமப்போம்" என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஹாஜிரா எழுந்து, "பேசுறதா இருந்தா முதல் பேச்சு எனக்கு. பத்து வருஷமா வரிசையில நிக்கிறேன்" என்றாள். தகி நோட்டில் "முடியாது" என்று பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினார். பதவி வேண்டாம் என்று ஆளுநருக்கு ஒரு கடிதமும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கில்கித்துக்குப் புறப்பட்டார்.

பிரமாண நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. ஷகூர் புதுச் சட்டை போட்டுத் தட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். தகி பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். அது நனைந்து, மை கரைந்து, வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளுநர் "நான், முகம்மது தகி" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். தகியின் உதடுகள் இறுக மூடியிருந்ததை முதல் வரிசையில் இருந்த பதூல் பார்த்தாள். அப்போது அவர் காலடியில் தேங்கியிருந்த தண்ணீர் "நான், முகம்மது தகி" என்றது. இருபத்தேழு வயதுக் குரல், பேருந்து நிலையத்துக் குரல், ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆளுநர் குனிந்து தரையைப் பார்த்தார், நிமிர்ந்தார், அடுத்த வரியைப் படித்தார். தண்ணீர் திருப்பிச் சொன்னது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கடைசி வரி முடிந்த பிறகு தண்ணீர், "டீச்சரம்மா, ஏறுங்க, வண்டி கிளம்புது" என்று கூவியது. இது பிரமாணத்தில் இல்லையே என்று செயலர் ஆளுநரின் காதில் கிசுகிசுத்தார். இருக்கட்டும் என்றார் ஆளுநர். பதூல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். பிரமாணம் முறைப்படி எடுக்கப்பட்டது, குரல் தரைமட்டத்திலிருந்து வந்தது என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. தோங்மலில் வாய்க்கால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மணமக்கள் மொய் திருப்பிச் செய்துவிட்டார்கள் என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஒன்றரை ஆண்டு அமைச்சரவைக் கூட்டங்கள் இருபது நிமிடத்தில் முடிந்தன. சாலைகள் போடப்பட்டன, இரண்டு பாலங்கள் வந்தன. தண்ணீர் வற்றிய ஊர்கள் முதலமைச்சரை மாலைக்காகவோ பேச்சுக்காகவோ அழைக்கவில்லை, வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லித்தான் அழைத்தன. அவர் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் குளிர்காலம் கழிந்து, ஆப்ரிகாட் பூத்த வாரத்தில் முதலமைச்சரின் ஜீப் தோங்மலுக்கு வந்தது. மேலே பனியாறு கால் ஊன்றியாகிவிட்டது, இனி மணப்பெண் எங்கும் போகமாட்டாள். அவர் முதலில் என்ன பேசுவார் என்று பத்திரிகைக்காரர்கள் ஒலிவாங்கிகளோடு வந்திருந்தார்கள். கச்சோ அம்ஜத்தும் வந்திருந்தார், அவர் பேசவில்லை. தகி யாரையும் பார்க்காமல் அந்தக் கடைசி வளைவுக்கு நடந்தார். ஹாஜிரா அங்கே கழுதையைப் பிடித்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொள்ள முடியாததால் ஒரு கையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தலை நரைத்திருந்தது. தகி அவள் எதிரே நின்று தொண்டையைக் கனைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் தலை தூக்கின.

"வரும் அக்கா, உங்க மரத்துக்குத் தண்ணி வரும்" என்றார்.

ஹாஜிரா குனிந்து பார்த்தாள். வாய்க்கால் நிரம்பி வழிந்து அவள் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"ம். இப்பத்தான் வாயால சொல்லியிருக்க" என்றாள். "அடுத்த தடவை உனக்குத்தான் ஓட்டு." பிறகு கழுதையின் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, மடையைத் திறந்துவிடப் போனாள்.