இரண்டு கல்லுக்கு நடுவே ஜப்பான்

துரைக்கண்ணு கல் நடுவதற்கு முன்னால் குட்டி யானையை அளந்தார். நான் சும்மா சொல்லவில்லை, டீக்கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். திண்டிவனத்திலிருந்து சிமெண்டு ஏற்றி வந்த அந்தச் சின்ன வண்டியை வழிமுனையில் நிறுத்தச் சொன்னார். அதன் அகலத்துக்கு டேப் பிடித்தார். அதில் இரண்டு விரற்கடை குறைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கருங்கல் தூண்களை நடவைத்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் ஒண்ணும் வழிய அடைக்கல. ஆளு போவட்டும், மாடு போவட்டும், டூவீலர் போவட்டும். இதுக்குள்ள பூர்ற வண்டி எவன்கிட்டயாவது இருந்தா அதுவும் தாராளமா போவட்டும். தடுத்தேன்னா என் பேரு துரைக்கண்ணு இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் நான் ஓட்டிய ஸ்கூல் வேனில் பிள்ளைகளை அனுப்பியவர்கள். அந்தச் சிரிப்பு என்னை வைத்துத்தான் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த வழியின் கடைசியில் உள்ள ஒன்றரை ஏக்கர் என்னுடையது. காலனியிலிருந்து அந்தப் பக்கம் நிலம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வேன் ஓட்டிச் சேர்த்து வாங்கினேன். என் மாமியார் அதே மண்ணில் ஆயுசு முழுக்கக் கூலிக்குக் களை எடுத்தவர். மற்றபடி வழியின் இரண்டு பக்கமும் துரைக்கண்ணுவின் நிலம்தான். அதையெல்லாம் பிளாட் போட்டு விற்கப்போகிறார். நடுவில் என் துண்டு மட்டும் பல்லில் மாட்டிய நார் போல அவருக்கு உறுத்துகிறது. கேட்டு அனுப்பினார், தரமாட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டார், அப்போதும் தரமாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் கல் வந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அவருடைய கம்பி வேலி. கல்லைச் சுற்றிக்கொண்டு போகவும் முடியாது.

நிலத்தில் தர்பூசணி காய்த்துக் கிடந்தது. வைக்கும்போது டிராக்டர் போன வழி, எடுக்கும்போது இல்லை. விழுப்புரம் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். சர்வேயரை அனுப்பி அளக்கச் சொல்கிறோம் என்றார்கள். அளக்கட்டும், நல்லதுதான். ஆனால் பழத்துக்கு மனு தெரியுமா, சர்வேயர் தெரியுமா? கொடி காய ஆரம்பித்துவிட்டது. தட்டிப் பார்த்தால் பழம் வெட்டு வெட்டு என்றது. தலைச்சுமையாகக் கொண்டுவரலாம் என்றால், என் நிலத்துக்கு யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று ஏற்கெனவே சொல் போய்விட்டது. வியாபாரி தேவா வந்து கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அக்கா, பழத்த ரோட்டுக்குக் கொண்ணாந்து போடு, லாரிய நிறுத்தறேன். உள்ள வந்து எடுன்னா நான் இன்னா பறவையா?" என்றான்.

என் வீட்டுக்காரர் சித்தார்த்தன் நல்ல மனுஷன். குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. ஆனால் துரைக்கண்ணுவைக் கண்டால் அவருக்கு முதுகு தானாக வளையும். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் வளைந்ததாம்.

"குடுத்துட்லாம் செல்வி," என்றார் சாப்பிடும்போது. "பெரிய எடத்தோட மோதிக்கினு நாம இன்னா பண்ணப் போறோம்? பழம் அழுவிச்சின்னா கடன் வேற நிக்கும். கடசீல அவருக்குத்தான் விக்கணும்."

"பழம் அழுவட்டும். நிலம் அழுவாது."

"பேஜாரு புடிச்ச பொம்பளடி நீ."

"தெரிஞ்சிதானே கட்டிக்கினே? சோத்தத் துன்னு."

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, அவர் சொன்னது உண்மை என்று எனக்கும் தெரியும். ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்க வழியில்லை. இரண்டு போகம் போனால் நிலம் போய்விடும். துரைக்கண்ணு கணக்கும் அதுதான். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

மறுநாள் காலை ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கல்லுக்கும் நடுவே பிடித்து, அந்த அகலம் தெரிய கயிற்றில் முடிச்சுப் போட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று பஸ் ஏறித் திண்டிவனம் போனேன்.

என் அண்ணன் இருதயராஜ் அங்கே மெக்கானிக். அவரிடம் ஒரு ஜப்பான் வண்டி இருக்கிறது. இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் இயற்கை விவசாயம் பார்த்த ஜப்பான்காரர் ஒருவர் கப்பலில் வரவழைத்த மினி லாரி, என் மகளைவிட மூத்தது. ஊருக்குத் திரும்பிப் போகும்போது அண்ணனுக்கு விற்றுவிட்டுப் போனார். ஜப்பான் சாமான் இங்கே எங்கே கிடைக்கும்? ஆம்னி வேன் சாமானை ராவி, தட்டி, மாட்டி அண்ணன் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார். சீட்டுக்கு அடியில் இன்ஜின், உட்கார்ந்தால் சூடு ஏறும். மூக்கு கிடையாது, முகம் சப்பை. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். தொட்டியின் மூன்று பக்கமும் கீழே மடியும். காலையில் தண்ணீர் கேன், மத்தியானம் காஸ் சிலிண்டர், சாயங்காலம் கல்யாண மண்டபத்துப் பாத்திரம் என்று திண்டிவனத்தில் அது நுழையாத சந்தில்லை. குட்டி யானை முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில்கூட அது புகுந்து வெளியே வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் "ஜப்பான் வருது" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடும்.

நான் பேச்சே கொடுக்காமல் கயிற்றை எடுத்து அதன் குறுக்கே பிடித்தேன். முடிச்சு வண்டியைத் தாண்டி நின்றது. பக்கத்துக்கு ஒரு விரல் மிச்சம்.

"கண்ணாடிய மடக்கினா," என்றார் அண்ணன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மடக்கினாத்தான். ஒரசுச்சின்னா மட்கார்டு எங்கேர்ந்து வரும், ஜப்பான்லேர்ந்தா? இது என் சோறு செல்வி."

"எனக்கும் சோறுதான் அண்ணே."

ஸ்பானரைத் துடைத்து வைத்தார். பிறகு சாவியைத் தந்தார். "யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும். போ. பூனைய பத்திரமா இட்டுக்கினு வா."

அடுத்த நாள் விடிந்ததும் வண்டியோடு வழிமுனைக்கு வந்தேன். டீக்கடையில் கூட்டம். தேவா லாரியை ரோட்டோரம் நிறுத்தியிருந்தான். நான் இறங்கி இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினேன். வீட்டுக்காரர் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினார்.

"ரைட்ல ஒரு பொட்டு... அய்யோ, இந்தாண்ட... நில்லு நில்லு..."

"யோவ், கைய ஆட்டாம நேரா நில்லு, அத பாத்தே வந்துடறேன்."

முதல் கியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன். ஜன்னலுக்கு வெளியே கல் என் தோளை உரசுகிற மாதிரி வந்தது, போனது. அவ்வளவுதான். வண்டி அந்தப் பக்கம் நின்றது. டீக்கடையில் யாரோ விசில் அடித்தான். நேற்று சிரித்த அதே கூட்டம்தான். இருந்தாலும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

காலனியிலிருந்து நாலு பெண்கள் துணிந்து பழம் பறிக்க வந்தார்கள். வண்டி நடை நடையாகப் பழத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்தது. நடுவில் மணல், கனத்த லோடு, ஆனாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒவ்வொரு நடைக்கும் கண்ணாடியை மடக்குவேன், அவர் கை காட்டுவார், நான் புகுந்து வருவேன். லாரியில் கால்வாசி நிரம்பியிருக்கும். உள்ளே அடுத்த லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது வழிமுனையில் ஆட்கள் தெரிந்தார்கள். பெண்களில் ஒருத்தி, "அக்கா, கல்ல புடுங்கறாங்க!" என்றாள்.

துரைக்கண்ணுவின் ஆள் முருகையன் கடப்பாரையோடு நின்றான். வாய்க்கால் ஓரத்துக் கல்லைப் பிடுங்கிச் சாய்த்தாகிவிட்டது. அதற்கு ஒரு முழம் உள்ளே தள்ளிப் புதுக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அந்தக் கல் புது இடத்தில் நின்றுவிட்டால் பழம் மட்டுமல்ல, அண்ணன் வண்டியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அந்த முனையில். அவர் என்ன செய்வார்? 'சரிங்க ஐயா' என்று ஒதுங்கி நிற்பார்.

லோடு பாதிதான் ஏறியிருந்தது. அப்படியே எடுத்தேன். மணலில் வண்டி குதித்தது, பின்னால் பழம் உருண்டது. கத்திக்கொண்டே ஓட்டினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

கிட்டே போய்ப் பிரேக் போட்டபோது குழி தோண்டி முடிந்திருந்தது. முருகையன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். துரைக்கண்ணு முகம் சிவந்து நின்றார். குழியின் விளிம்பில், இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்துருடா," என்றார் துரைக்கண்ணு.

"இல்லீங்க ஐயா."

"டேய், எழுந்துருன்றேன்."

"இருக்கட்டுங்க ஐயா. நீங்க நடுங்க. என் மேலயே நடுங்க." 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் மனுஷன் அசையவில்லை.

"முருகையா, தூக்கிப் போட்றா அவன!"

முருகையன் துரைக்கண்ணுவைப் பார்த்தான், குழியைப் பார்த்தான், டீக்கடைப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தான். "கல்லு நடத்தாங்க கூப்ட்டீங்க," என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டான்.

நான் இறங்கினேன். "இதுக்குள்ள பூர்ற வண்டி தாராளமா போவட்டும்னு சொன்னது நீங்க. தடுத்தா உங்க பேரு அது இல்லன்னு சொன்னதும் நீங்க. ஊரே கேட்டுது. இப்ப உங்கள இன்னா பேர் சொல்லிக் கூப்பிடறது?"

அன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிய மனுஷன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சர்வே வரட்டும், பாத்துக்கறேன்," என்றார்.

"வரட்டும். அதுக்குத்தான் மனு குடுத்தவளே நானு."

அப்போதுதான் கவனித்தேன். துரைக்கண்ணு நட்ட கல் அவர் ஆள் கையாலேயே பிடுங்கப்பட்டு வாய்க்கால் ஓரம் கிடந்தது. புதுக் குழியில் என் வீட்டுக்காரர். பழைய குழி காலி. வேலி ஓரத்துக் கல்லுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவே வண்டி போகாது. ஆனால் அவர் வாய்க்கால் பக்கம் பழைய குழிக்கு நகர்ந்து உட்கார்ந்தால், இடிக்கக் கல் இல்லாததால் கண்ணாடியை மடக்காமலே போகலாம்.

"யோவ், கால எடுத்து அந்தாண்ட குழில வெச்சிக்க," என்றேன்.

அவர் எழுந்து, பழைய குழியில் காலை விட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். பெண்கள் மண்வெட்டி கொண்டுவந்து புதுக் குழியை மூடினார்கள். உருண்டு வெடித்த பழம் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"எவ்ளோ நேரம் உக்காரணும்?" என்று கேட்டார்.

"லோடு முடியற வரைக்கும்."

"நாளைக்கும் லோடு இருக்குதே?"

"அப்ப நாளைக்கும் உக்காரு."

"சரி, ஜல்தி போய்ட்டு வா," என்றார் பழத்தைக் கடித்துக்கொண்டே. துரைக்கண்ணு இன்னும் அங்கேதான் நின்றார். என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்து விதையைத் துப்பினார்.

நான் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மடக்கியிருந்த இரண்டு கண்ணாடிகளையும் நன்றாக விரித்து வைத்தேன். பிறகு ஹாரனை அழுத்திக்கொண்டே வழியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன்.