எடுக்காத நம்பர்

பூட்டுத் திறப்பவருக்கு அது ஒரு தீராத ஆச்சரியம். சாவியைத் தொலைத்தவர்கள் ஒரே பையைத்தான் பத்துத் தடவை துழாவுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர்மேல் எரிந்து விழுகிறார்கள். படித்தவர்களுக்கும் அந்நேரம் புத்தி எங்கேதான் போகிறதோ!

அன்று அவருடைய மகளுக்கே பிரசவ வலி. ஆஸ்பத்திரி ஃபைலை எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தவர், வாசலில் நின்று சட்டைப்பையையே துழாவிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவியைக் காணோம்.

"என்னங்க, இன்னுமா எடுக்கல?" என்றாள் மனைவி போனில்.

"சும்மா நச்சரிக்காதே!" என்று கத்திவிட்டு, தெருவில் நின்ற வேனில் எழுதியிருந்த பூட்டுக்காரர் நம்பரை அழுத்தினார். பிஸி. மறுபடியும் பிஸி.

"அவசரத்துக்கு எடுக்காதவன் எதுக்குடா நம்பரை எழுதி வைக்கிற?" என்று வேனை உதைக்கப் போனார். கண்ணாடிக்குள்ளே, ஊர்க் கதவையெல்லாம் திறக்கும் அவருடைய சொந்தக் கருவிப்பெட்டி தெரிந்தது.