சுண்டலின் நீர்க்கட்டி

சுண்டல் கொழுத்துப்போய்விட்டது என்றுதான் வீட்டில் முதலில் நினைத்தார்கள். மூன்றரை வயதுப் பெண் கினி பிக் அது, வாலில்லாத பெரிய எலி போல இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் இலக்கியா கல்யாணமாகி நெல்லிக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு வந்தபோது, பீரோ கட்டிலோடு ஒரு கூண்டில் அதுவும் வந்து இறங்கியது. மாமனார் நடனசபாபதி ஒன்றும் சொல்லவில்லை. மனைவி போன பிறகு தனியாக இருந்தவர். ஒரு மாதத்துக்குள் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கொத்தமல்லித் தண்டு கேட்டு வாங்கிவருகிற ஆளாக மாறியிருந்தார். மகன் அரவிந்தனுக்கு ஓசூரில் வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் சுண்டலையும் சேர்த்து மூன்று பேர்.

நடனசபாபதி முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். சுண்டலுக்கு வயிறு போட்டுவிட்டது என்றதும் தினம் இரண்டு வேளை அதை ஹாலில் நடக்கவைத்தார். அது நான்கடி நடந்து உட்கார்ந்துகொள்ளும். இவர் கைதட்டுவார். மறுபடி நான்கடி. பத்து நாளில் வயிறு இன்னும் பெருத்தது. இரண்டு விலாவிலும் முடி கொட்டி, சவரம் செய்தது போல ஒரே அளவில் தோல் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கியா அதை மடியில் வைத்து வயிற்றைத் தடவினாள். இரண்டு பக்கமும் சின்ன எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது.

"மாமா, இது கொழுப்பு இல்ல. கட்டி மாதிரி இருக்கு."

அவரும் தொட்டுப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா நோயாளியப் புடிச்சு நடக்க உட்டிருக்கேன்," என்றார்.

ஊரில் இருந்த மாட்டு டாக்டர் நேர்மையான மனிதர். தனக்கு ஆடு, மாடு, நாய் வரைக்கும்தான் பழக்கம், கடலூரில் ஞானசேகரன் என்று ஒருவர் ஸ்கேன் மிஷின் வைத்திருக்கிறார், அங்கே கொண்டுபோங்கள் என்றார். இலக்கியா தான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் லீவு சொல்லிவிட்டு, மாமனாரோடு கடலூருக்குப் பஸ் ஏறினாள். சுண்டல் ஒரு மூங்கில் கூடையில், மேலே துண்டு மூடி, அவள் மடியில் இருந்தது.

டாக்டர் ஞானசேகரன் சுண்டலின் வயிற்று முடியை வழித்து ஸ்கேன் பண்ணினார். திரையில் கறுப்பாக இரண்டு வட்டம் தெரிந்தது.

"ரெண்டு பக்கச் சினைப்பையிலயும் நீர்க்கட்டி. இந்த ஜாதியில பொட்டைக்கு வயசானா ஜாஸ்தியா வரும். முடி கொட்டுறதும் அதனாலதான். ஊசி போட்டு நீர உறிஞ்சலாம், மறுபடி ஊறிக்கும். ஆபரேஷன் பண்ணிக் கர்ப்பப்பையோட சேத்து எடுத்துட்டா தொல்லை இல்ல."

"நீங்க பண்ணுவீங்களா சார்?" என்றாள் இலக்கியா.

"ரெண்டு பண்ணிருக்கேன்."

"நல்லாருக்குதுங்களா?"

"ஒண்ணு நல்லாருக்கு."

அவர் மறைக்காமல் சொன்னது இலக்கியாவுக்குப் பிடித்திருந்தது. அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள். மனிதர்களுக்குப் போல வெறும் வயிற்றோடு கொண்டுவரக் கூடாது, இதற்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பிடக் கொடுத்தே அழைத்து வாருங்கள் என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார்.

வினை திரும்பிவருகிற பஸ்ஸில்தான் நடந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் அரவிந்தன் போன் பண்ணினான். நடனசபாபதி மைதானத்தில் கத்திப் பழகியவர். சாதாரண நாளிலேயே அவர் போன் பேசினால் தெருமுனை வரை கேட்கும். பஸ் இரைச்சலில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்.

"ரெண்டு பக்கமும் நீர்க்கட்டியாம்டா. கர்ப்பப்பையையும் சேத்து எடுக்கணும்ங்கிறாரு. புதன்கெழம ஆபரேஷன். இல்லடா, பயப்படல, இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்கு. பொழைச்சுக்கும்."

இரண்டு சீட் பின்னால் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். நடனசபாபதியின் அக்கா சௌந்தரத்தைப் புவனகிரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய கொழுந்தனார்தான் பொன்னுரங்கம். அவர் எட்டிப் பார்த்தபோது இலக்கியா ஜன்னலோரம் மடியில் கூடையோடு வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்தில் போய்ப் பேசுவது அழகில்லை என்று நினைத்து, பி.முட்லூரில் பின்வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அந்த நாகரிகத்தைக் கைவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஏழு போன் வந்தது. எட்டாவதாக நெல்லிக்குப்பத்திலிருந்து இலக்கியாவின் அம்மா மாலதி.

"உனக்கு ஆபரேஷனாம்ல? பெத்தவகிட்ட சொல்லத் தோணல?"

"எனக்கு இல்லம்மா. சுண்டலுக்கு."

சுண்டலை ஒன்றரை வருஷம் வளர்த்தவள் மாலதி. "நெஜமா சுண்டலுக்குத்தான?" என்று கேட்டாள். இலக்கியா சத்தியம் பண்ணினாள். அதன் பிறகும் மாலதி, "எதுவா இருந்தாலும் நெல்லிக்குப்பத்துக்கு வந்துரு," என்று சொல்லித்தான் வைத்தாள்.

மதியம் சௌந்தரம் நேரிலேயே வந்துவிட்டாள். அறுபத்தாறு வயது. இலக்கியாவுக்குப் பெரியம்மா முறை. கல்யாணமான ஆறாவது மாதத்திலிருந்து, பார்க்கும்போதெல்லாம் "விசேஷம் உண்டா?" என்று கேட்கிறவள். இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு டஜன் சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ், கழற்சிக்காய்ப் பொடி போட்ட ஒரு பாட்டில் மூன்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

"கழற்சிக்காய மொளகோட சேத்து மோருல குடி. நீர்க்கட்டி தன்னால கரைஞ்சிரும். எதுக்கு கத்தி வைக்கணும்?"

"அக்கா, கட்டி எலிக்கு," என்றார் நடனசபாபதி. கினி பிக் என்று சொன்னால் அக்காவுக்குப் புரியாது என்று அவருக்குத் தெரியும்.

சௌந்தரம் தம்பியைக் கண்கலங்கப் பார்த்தாள். "நீ பெரிய மனசுக்காரன்டா. மருமவ பேரு கெடக் கூடாதுன்னு எலி மேல போடுற பாரு."

"நெஜமாத்தான்க்கா. ஸ்கேன் படம் இருக்கு."

அவர் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டினார். அதில் கறுப்பாக இரண்டு வட்டம் இருந்தது, எலி இருக்கவில்லை. சௌந்தரம் அதை வாங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இலக்கியா கூண்டைத் திறந்து சுண்டலையே தூக்கி வந்து காட்டினாள். முடி கொட்டிய விலாவைக் காட்டினாள். வழித்த வயிற்றைக் காட்டினாள். சௌந்தரம் சுண்டலைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம். வீட்டுல ஒரு கொழந்தை இல்லன்னா மனசு இப்பிடி எதையாவது புடிச்சுக்கத்தான் செய்யும்," என்றாள்.

இலக்கியாவுக்குச் சுருக்கென்றது. குழந்தையை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது அவளும் அரவிந்தனும் பேசி எடுத்த முடிவு. அதை ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது. எலிக்குக் கட்டி என்பதையே நம்பாதவர்கள் இதையா நம்பப்போகிறார்கள்? அன்றிலிருந்து அவள் விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். வந்தவர்கள் வைத்த சாத்துக்குடியைத் தினம் இரண்டு சுளை சுண்டலுக்குக் கொடுத்தாள். அதற்கு வைட்டமின் சி வேண்டும்.

புதன்கிழமை காலை, யார் தடுத்தும் கேட்காமல் சௌந்தரமும் கூடவே கிளம்பிவிட்டாள். அவள் பையில் இலக்கியாவுக்காக இரண்டு நைட்டி, ஒரு பிளாஸ்க், தேங்காய்ப்பூ துண்டு, கந்தசஷ்டி கவசப் புத்தகம் இருந்தன. பஸ்ஸில் இலக்கியாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள். கூடைக்குள் சுண்டல் தண்டு கடிக்கிற சத்தம் கேட்டபோது, "இத வேற எதுக்குத் தூக்கிட்டு வர்ற?" என்றாள்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஆட்டோ டாக்டர் ஞானசேகரனின் கிளினிக் வாசலில் நின்றது. உள்ளே பெஞ்சில் ஒரு லேப்ரடார், காலில் கட்டுப்போட்ட ஒரு நாட்டு நாய், ஒரு பெட்டிக்குள் பூனை. சௌந்தரம் அவற்றுக்கு நடுவே பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் பசுவின் உள்ளுறுப்புகளைக் காட்டும் படம் தொங்கியது. அதையே பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "சுண்டல் யாருங்க?" என்று கேட்டாள். இலக்கியா எழுந்து கூடையைக் கொடுத்தாள். கதவு மூடியது.

லேப்ரடார் சௌந்தரத்தின் காலை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நடனசபாபதி இருப்புக்கொள்ளாமல் வெளியே ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தார்.

"அப்ப எலிக்குத்தான்," என்றாள் சௌந்தரம் கடைசியில்.

"ஆமா பெரியம்மா."

"சொன்னீங்கதான்."

"சொன்னோம்."

இலக்கியா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணு நல்லாருக்கு என்று டாக்டர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சௌந்தரம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கட்டி இருந்தா என்னல்லாம் பண்ணும்?" என்று கேட்டாள்.

"வயிறு வீங்கும். தொட்டா வலிக்கும். சாப்பாடு எறங்காது."

"மனுசாளுக்கு?"

இலக்கியா திரும்பிப் பார்த்தாள். சௌந்தரம் பசுப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு நின்னு பதினாலு வருசம் ஆச்சு. போன தையிலேருந்து திரும்பப் படுது. அடிவயிறு கல்லாட்டம் இருக்கு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இப்ப உங்கிட்ட."

"எனக்குக் கொண்டாந்த கழற்சிக்காய்ப் பொடி எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில வாங்கல. வீட்டுல இருந்துச்சு."

அந்த பாட்டில் பாதிதான் இருந்தது என்பது இலக்கியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாகக் குடித்திருக்கிறாள். இலக்கியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரில் எல்லார் வயிற்றையும் விசாரிக்கிறவள் தன் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சௌந்தரத்தின் கை பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"அந்த ஸ்கேனு வலிக்குமா?" என்றாள் சௌந்தரம்.

"வலிக்காது. ஜில்லுனு ஒண்ணு தடவுவாங்க. அவ்வளவுதான்."

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "மூச்சு நல்லாருக்கு. சாயந்திரத்துக்குள்ள அது வாய அசைக்கணும், புழுக்கை போடணும். போட்டா தப்பிச்சுது," என்று சொல்லி, எடுத்ததை ஒரு டிரேயில் காட்டினார். கண்ணாடிப் பைபோல இரண்டு கட்டி. நடனசபாபதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சௌந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இலக்கியா சௌந்தரத்தை நாலு கடை தள்ளியிருந்த லேடி டாக்டரிடம் அழைத்துப்போனாள். மாமாவிடம் மூட்டுவலிக்கு மருந்து வாங்கப்போவதாகச் சொன்னாள். லேடி டாக்டர் கேட்டதற்கெல்லாம் சௌந்தரம் இலக்கியாவைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஸ்கேனில் இடது பக்கம் ஒரு கட்டி, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. இந்த வயதில் ரத்தம் பட்டால் ஒரு வாரம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் திட்டினார். சௌந்தரம் திட்டு வாங்கி முடித்ததும், "இது என்னா ஏதுன்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் டாக்டர்.

திரும்பி வந்தபோது நடனசபாபதி கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "மூணு புழுக்கை," என்றார். அவர் கண் சிவந்திருந்தது. இலக்கியா ஊசியில்லாத சிரிஞ்சில் கூழை எடுத்துச் சுண்டலின் வாயோரம் வைத்தாள். அது மெதுவாக மென்றது.

சௌந்தரத்துக்கு மூன்று வாரம் கழித்துச் சிதம்பரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்து, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புவனகிரியிலிருந்து சொந்தக்காரர்கள் வார்டுக்கு வந்து போனார்கள். பொன்னுரங்கம் கட்டில் கால்மாட்டில் நின்று அண்ணியை விசாரித்துவிட்டு, இலக்கியா பக்கம் திரும்பி, "உனக்கு இப்ப பரவாயில்லயாம்மா? தையல் காஞ்சிருச்சா?" என்றார்.

"காஞ்சிருச்சு சித்தப்பா," என்றாள் இலக்கியா. சௌந்தரம் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது. தையல் வலிக்கிறது போல என்று பொன்னுரங்கம் நர்ஸைக் கூப்பிடப் போனார்.

பரிசோதனை ரிப்போர்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை சௌந்தரம் தம்பி வீட்டில்தான் இருந்தாள். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கேட் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கினாள். இலக்கியா லேபுக்குப் போய்க் கவரை வாங்கி, அங்கேயே நின்று கடைசி வரியை முதலில் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

"புத்துநோய் இல்லன்னு போட்டிருக்கு பெரியம்மா. ஒண்ணும் இல்ல."

"முழுசாப் படி."

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

"பரவால்ல, படி."

இலக்கியா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பெயர், வயசு, தேதியில் ஆரம்பித்து இரண்டு பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். சில வார்த்தைகளை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. சௌந்தரம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "சோத்தப் போடு."