பின் சீட்டு

விமான நிலையத்து வாடகைக் கார் நிற்கும் இடத்தில், என் கணவர் தப்பான பக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம். இவர் பழக்கதோஷத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாவி கொடுக்க வந்த பெண்ணுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

நான் பையோடு அந்தக் கதவோரம் நின்றிருந்ததால் ஒன்றைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடிக்க நீண்ட கைகள் எதுவும் அகப்படாமல் மடியில் வந்து விழுந்தன. தோள் தளர்ந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அடுத்த நொடி விஷயம் புரிந்து, அசடு வழிய இறங்கிச் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார். ஆனால் அந்த மூச்சு என் மனசை விட்டுப் போகவில்லை.

இவருக்குத் தொழிலே டாக்சி ஓட்டுவதுதான். விடியுமுன் வண்டியை எடுத்தால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வந்தவர்கள் இறங்கிப் போன இடைவெளியில் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். கதவுச் சத்தம் கேட்டதும், சவாரி வந்துவிட்டதென்று சட்டென்று நிமிர்ந்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். நான் பீரோவைத் திறந்தால்கூட எழுந்து சாவியைத் தேடுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் எந்தக் கதவையும் சத்தமில்லாமல் திறக்கப் பழகிக்கொண்டேன்.

குடும்பத்தோடு போனாலும் முன் சீட்டு மாமனாருக்கு, அவர் வராவிட்டால் கொழுந்தனாருக்கு. நான் பிள்ளையோடு பின்னால். இவர் முகத்தைவிடப் பின்னங்கழுத்துதான் எனக்கு அத்துப்படி.

இந்தப் பயணமே மகளும் மாப்பிள்ளையும் செய்த ஏற்பாடு. அப்பாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் என்றாள் மகள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸை எடுத்துவரச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என்ன சர்ப்ரைஸ் தெரியுமா? மலையும் கடலும் சேர்ந்து வரும் ரோட்டில், புத்தம் புதுசாக ஒரு பெரிய வண்டியை அப்பா ஓட்டுவதாம்! சமையல்காரனை விருந்துக்குக் கூப்பிட்டு அடுப்படியைக் காட்டின மாதிரி. மாப்பிள்ளையும் நன்றாக ஓட்டுவார். வண்டி எடுக்கும்போது அவர் பேரையும் சேர்த்துத்தான் பதிந்தார்கள். ஆனால் மாமா இருக்கும்போது தான் ஓட்டுவது மரியாதையில்லையாம். அந்த மரியாதையோடு முன் சீட்டில் காலை நீட்டி, போனைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டு வந்தார். இவரோ மாப்பிள்ளை சொல்லைத் தட்டமாட்டார். ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தே என் மனுஷனைச் சாகடித்துவிடுவார்கள் போலிருந்தது.

எல்லாமே அங்கே எதிர்ப்பக்கம். ரவுண்டானா வந்தால் இவர் கழுத்து விறைக்கும். மகள் என் பக்கத்திலிருந்து, அங்கே பாருங்கப்பா என்று கத்துவாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்த்துவிட்டேன் என்பார். அறைக்குத் திரும்பினால் கட்டிலில் உட்கார்ந்து வலது கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார். முடியவில்லை என்று சொல்லித்தொலையுங்களேன் என்றேன். பிள்ளைகள் ஆசையாகச் செய்திருக்கிறார்கள், நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். எனக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஒரே ஒரு நாள் இந்த மனுஷன் யாருக்கும் வண்டி ஓட்டாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கடைசி நாள் வந்துவிட்டது. மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் இவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாப்பிள்ளை கையில் அதைத் திணித்து, இன்றைக்கு நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். மகள்தான் குறுக்கே வந்தாள்.

"என்னம்மா நீ? அப்பாவுக்கு வண்டி ஓட்டுறதுன்னா உயிராச்சே."

"உயிர்னு யாருடி சொன்னா? அது பொழப்பு."

சொன்ன பிறகுதான் இவர் படியிறங்கி வந்து பின்னால் நிற்பதைப் பார்த்தேன். இவள் கிடக்கிறாள், நானே ஓட்டுகிறேன் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு, என் மானமும் போச்சு, அந்த நாளும் போச்சு. மாப்பிள்ளை சாவியை இவர் பக்கம் நீட்டினார். இவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார்.

"நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை. எனக்கு அசதியா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மகள் முன்னால் ஏறிக்கொண்டாள்.

மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார். இவர் கால்தான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். மலையேறத் தொடங்குவதற்குள் கால் அடங்கிவிட்டது. தலை மெல்லச் சாய்ந்து என் தோளுக்கு வந்தது. நல்ல கனம். வாயும் லேசாகத் திறந்துகொண்டது. அந்த வழியில் எல்லாரும் புகழ்ந்த எதையும் அவர் பார்க்கவில்லை. தோள் மரத்துப்போனாலும் நான் அசையவில்லை.

உச்சியில் வண்டிகள் நிறுத்தும் இடம் வந்தது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல். இதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே மகள் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"கதவைத் திறக்காதடி," என்றேன். "சவாரி வந்துடுச்சுன்னு எழுந்துடுவாரு."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். திறந்த வாயைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் அசையவில்லை. கதவுகள் சாத்தியபடியே இருக்க, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.