போர்த்தூணில் ஓர் உபயம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் எழுபத்தெட்டு வயதின்மேல் ஆணை. எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லின்மேலும் ஆணை.

நியூசிலாந்தில், மாசி என்கிற புறநகருக்கு அப்பால், முன்னர் கிராமமாயிருந்து பிறகு ஓக்லாந்து நகரம் விழுங்கிவிட்ட ஓரிடத்தில் ஒரு சின்ன ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. அதன் வளவில் ஒரு போர் நினைவுத்தூண். மாடு கறந்துகொண்டிருந்த ஊர்ப் பொடியன்கள் முதலாம் உலகப்போருக்குக் கப்பலேறித் திரும்பி வராமற் போனார்கள். அவர்களுடைய பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். அந்தத் தேவாலய மண்டபத்தில்தான் சனிக்கிழமைகளில் எங்கள் சங்கத்தின் தமிழ் வகுப்பு.

சங்கத் தலைவர் திருநாவுக்கரசு. எங்கள் நாட்டில் சண்டை தொடங்க முந்தியே படிப்பு விசாவில் வந்தவர். அவர் கண்ட ஒரே போர், பொங்கல் விழா முன்வரிசைக் கதிரைக்கு நடப்பது. கோயில் ரியூப்லைட்டில் பேரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிற இனத்தின் உத்தமமான பிரதிநிதி. சங்கத்துக்குத் தேத்தண்ணி கொதிக்கவைக்கக் கேத்தில் வாங்கித் தந்தார்; அதில் ‘திருநாவுக்கரசு உபயம்’. பிளாஸ்டிக் கதிரை முதுகிலும் அதுவே. கழிவறை கூட்டுகிற தும்புத்தடியில்கூட எழுதினார். கேத்தில் எரிந்தது, கதிரைகள் உடைந்தன, தும்புத்தடியின் கதி சொல்லத் தேவையில்லை.

“ஒண்டும் நிக்குதில்லை அண்ணை,” என்று ஒருநாள் என்னிடம் கண் கலங்கினார். “எனக்குப் பிள்ளையும் இல்லை. கல்லிலை ஏறினால்தான் என்ரை பேர் மிஞ்சும்.”

“செத்தால் தானா ஏறும். அவசரப்படாதையும்,” என்றேன்.

அந்த ஆண்டே தூணின் பொன்னெழுத்துகள் மங்கிவிட்டன என்று திருச்சபைக் குழு கவலைப்பட்டது. குழுவின் செயலாளர் மார்கரெட், ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண். மண்டபத்தைப் பாவிக்கிறவர்கள் ஏதாவது உதவலாமா என்று கேட்டாள். மிச்சப் பேர் கூரையைப் பார்க்க, திருநாவுக்கரசு எழும்பி, முழுச்செலவும் தன்னுடையது என்றார். கைதட்டினோம். கைதட்டுவதற்குச் செலவில்லையே.

பென்ரோஸிலிருந்து கல்லறைக் கல் வெட்டுகிற வெள்ளைக்காரன் ஒருவனைப் பிடித்தார். பழைய எழுத்துகளுக்குப் பொன் பூசிவிட்டு, வரிசையின் கடைசியில் தன் பெயரையும் பக்கத்தில் ‘உபயம்’ என்ற சொல்லையும் ஆங்கில எழுத்தில் வெட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். குழுவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேத்திலுக்கு யாரிடம் கேட்டார், இதற்குக் கேட்க?

தூணில் இருந்தவை ஐந்தெழுத்து, ஆறெழுத்துப் பெயர்கள். இவருடையது விளிம்புவரை போய், மூலையில் திரும்பி, மற்றப் பக்கத்தில் பாதிதூரம் ஓடி நின்றது. அதற்கப்பால் தூணோடு பொருத்தின தண்ணிக் குழாய். ‘உபயம்’ வெட்ட இடமில்லை. அந்தச் சொல்லுக்குப் பொருளும் தெரியாத வேலைக்காரன் உளியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் இருபத்தைந்து, போரில் மாண்டவர்களை இந்த நாடு நினைக்கிற அன்சாக் நாள். காலைக் கூட்டம். ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் மாண்டவர்களின் பெயர்களைத் தூணைப் பார்த்து வாசித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்தார். தூணைச் சுற்றி நடந்து நடந்து வாசித்தார். இடையில் தண்ணீர் குடித்தார். முழுதாக நாலு நிமிடம். பிறகு எல்லோரும் தலை குனிந்தார்கள்.

பட்டுச் சால்வையோடு முன்வரிசையில் இருந்த திருநாவுக்கரசு மட்டும் எழும்பி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி அவர் கையைப் பிடித்தாள். “உங்கள் தாத்தாவா?”

“நான்தான்,” என்றார் அவர். கிழவி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் ‘கண்ணீர் அஞ்சலி’ பறந்தது. லின்ஃபீல்டிலிருந்து இரண்டு குடும்பம் செத்தவீட்டுக்கென்று சமைத்த மரக்கறிச் சோற்றோடு அவர் வீட்டுக்கு வந்து, அவரே கதவைத் திறக்கவும், ஏமாற்றத்தோடு திரும்பிப் போனது.

குழு அவரைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். இப்படிப்பட்ட காட்சியை யார் விடுவான்?

“ஐயா, அது செத்தவங்க தூணு,” என்றாள் மார்கரெட். “செத்தவங்க பேரு மட்டுந்தான் இருக்கலாம். உங்க பேர அடுத்த வாரம் செதுக்கி எடுத்திருவாங்க.”

திருநாவுக்கரசின் முகம் வெளிறியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

“அப்ப என்னைச் செத்தவனெண்டே பதியுங்கோ.”

“எந்தச் சண்டையில ஐயா?”

“எதிலை இடமிருக்கு?”

மார்கரெட் என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். முதலாம் உலகப்போர் என்று முடிவாகியது. துருக்கிக் கரையில் குண்டுபட்டதாக, தன் மரணத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்து வைத்தார். குழுவும் ஏற்றுக்கொண்டது. குழுக்கள் எங்கேயும் ஒரே சாதிதான். கையெழுத்து இருந்தால் போதும், மூளை தேவையில்லை.

வீட்டில் மனைவி யோகராணி அடுப்பை அணைத்துவிட்டாள்.

“முதலாம் உலகப்போரிலை செத்த மனுசனுக்கு நான் ஏன் புட்டு அவிக்கோணும்? தூணைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கோ.”

“கொஞ்சம் யோசியப்பா, கல்லிலை பேர்...”

“ஓம். கல்லையே தின்னுங்கோ.”

மனுசன் அசையவில்லை. மூன்று ஆண்டாக மீனும் சிப்ஸும்தான். இருபது கிலோ ஏறிவிட்டார். நியூசிலாந்து வரலாற்றிலேயே செத்தபின் கொழுத்த ஒரே சிப்பாய். ஒவ்வோர் ஏப்ரலிலும் தனக்குத் தானே மலர்வளையம் வைத்து, தன் பெயருக்குக் கீழே கண்ணை மூடி நிற்கிறார். கிழவி பக்கத்தில் நின்று அழுகிறாள். நாங்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம்.

அந்தத் தூணில் பதினேழு பெயர்கள் உண்டு. ஒன்றுகூடத் தமிழ்ப்பெயர் இல்லை. நான் ஆணை வைத்த நாலு பல்லும் கட்டுப்பல்.