ஹூப்ளியிலிருந்து வாகைக்குளம்

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வாப்பா பாயிலேயே சாய்ந்துவிட்டார் என்று மேலப்பாளையத்திலிருந்து தம்பி முஆத் போன் செய்தபோது, தஸ்மியா ஹூப்ளியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நீ எப்ப வருவ லாத்தா? அடக்கம் எப்பன்னு ஜமாஅத்துல கேக்காங்க.”

ஹூப்ளி, தூத்துக்குடி என்று இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் செல்போனில் போட்டுப் பார்த்தாள். எண்ணூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்று வந்தது. இறங்குவது தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில். அங்கிருந்து வீட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

“அஸருக்குள்ள வந்துருவோம்லே,” என்றாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா தொழுகை, அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

அந்த இரண்டு ஊருக்கும் நேர் விமானமே கிடையாது என்பது, அவள் கணவன் சல்மான் டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. செல்போன் சொன்னது வரைபடத்தில் நேர்கோடு இழுத்துப் போட்ட கணக்கு. பெங்களூரில் விமானம் மாறி வாகைக்குளம் போய்ச் சேரப் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிவிடும்.

“நானாவது பாத்துட்டுச் சொல்லிருக்கணும்,” என்றான் சல்மான்.

“பாத்தது நான்தானே,” என்றாள். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

பெங்களூரில் காத்திருந்தபோது முஆத் மறுபடி கூப்பிட்டான்.

“ராத்திரி இஷாவுக்கு மாத்தச் சொல்லிக் கேக்கட்டுமா? ஒரே மக, மொகம் பாக்கணும்னா சம்மதிப்பாங்க.”

சவூதியிலிருந்து மகன் வரட்டும் என்று யார் வீட்டிலாவது மையத்தை அடக்காமல் வைத்திருந்தால் வாப்பாவுக்குப் பொறுக்காது. ‘படுத்துக் கெடக்கவருக்குல்லா வே தெரியும் சங்கடம்’ என்று அந்த வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டு வருவார்.

“மாத்தாண்டாம். எடுங்க.”

“மொகம் பாக்காமலா?”

“வச்சிருந்தா வாப்பா ஒன்னத்தான் ஏசுவாங்க.”

அவன் வீடியோவில் காட்டினான். வெள்ளைத் துணிக்கு நடுவில் முகம். தாடியைச் சீவிவிட்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் விமான நிலையக் கடையில் யாரோ தோசை ஆறிப்போனதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உம்மாவ ஏதாவது குடிக்கச் சொல்லு,” என்றாள். அவ்வளவுதான் வந்தது.

சல்மான் தயிர்சாதம் வாங்கி வந்தான். முழுதும் சாப்பிட்டாள். அவன் தன்னுடையதையும் அவள் பக்கம் நகர்த்தினான். அதையும் சாப்பிட்டாள்.

விமானம் கிளம்பும்போது ஊரில் அஸர் முடிந்திருக்கும். சல்மான் கண்களை மூடிக்கொண்டான், உதடுகள் அசைந்தன. இருக்கை பெல்ட்டை எப்படிப் போடுவதென்று பணிப்பெண் காட்டியதை அவள் கடைசிவரை கவனமாகப் பார்த்தாள்.

வாகைக்குளத்தில் இறங்கியபோது வானம் கறுத்திருந்தது. முஆத் வெளியே நின்றிருந்தான். கைலியில் முழங்கால் வரை செம்மண். பெட்டியை வாங்க நீட்டிய கையிலும், நகக்கண்ணிலும் அதே மண்.

“கையக் கழுவலயாலே?”

“அடக்கிட்டு அங்கன இருந்து நேரா வாறேன் லாத்தா. நீ எறங்கிருவியேன்னு.”

பெட்டியைச் சல்மான் வாங்கிக்கொண்டான். காரில் ஏறியதும் அவள் தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. பாளையங்கோட்டை தாண்டும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை, அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.